வீட்டில் கட்டும் காரில் பின்சக்கர பேரிங்: பொருத்துவதும் இறுக்குவதும்

பின்சக்கர ஹப்பின் (சக்கரத்தை மாட்டும் சுழலும் நடுப்பகுதி) நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும்? சொந்தமாகக் கார் கட்ட இறங்குகிற எல்லோரும் ஒருநாள் இந்தக் கேள்விக்கு வந்து சேருவார்கள். பதில் சொல்வதற்கு முன் தெரியவேண்டியது, உள்ளே இருப்பது எந்த வகை பேரிங் என்பது. ஒரு வகையில் விரலால் திருகிய இறுக்கமே போதும். அதைத் தாண்டினால் பேரிங் சூடேறிக் கருகிவிடும். இன்னொரு வகையில் ஒரு மீட்டர் பைப்பின் நுனியில் 25 கிலோவுக்கும் மேல் விசை கொடுத்தால்தான் இறுக்கம் சரியாக வரும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்: நடுவில் ஒரு பெரிய நட்டு, சுற்றிலும் சக்கரத்தை மாட்டும் நான்கைந்து ஸ்டட்.

தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டி என்றால் அதன் மேனுவலைத் திறந்தால் முடிந்தது. நாம் கட்டும் வண்டியில் ஹப் ஒரு காரிலிருந்து வந்திருக்கும், சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் இன்னொன்றிலிருந்து, ஹப்பைத் தாங்குகிற அப்ரைட் நாமே வெல்டு அடித்ததாக இருக்கும். மூன்றும் சேரும் இடத்தில்தான் பேரிங் உட்கார்கிறது. அதனால் அந்த நட்டு என்ன வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டு இறுக்குவதுதான் பாதுகாப்பு.

உள்ளே இருப்பது என்ன?

முதல் வகை, தனித்தனியான இரண்டு டேப்பர் ரோலர் பேரிங். எஞ்சினின் இழுவை போகாத பின்சக்கரங்களில் இதைப் பார்க்கலாம். ஹப்புக்குள் இரண்டு கப் (வெளி வளையம்), அவற்றில் உருளும் இரண்டு கோன் (ரோலர்களோடு கூடிய உள் வளையம்), நடுவே ஸ்டப் ஆக்சில் என்னும் சுழலாத குட்டை அச்சு. இங்கே நட்டுதான் பேரிங்கின் ஆட்டத்தை, அதாவது உள்ளே விடும் சிறு தளர்வை, நிர்ணயிக்கிறது. நட்டைக் கொஞ்சம் திருப்பினாலும் ஆட்டம் மாறும்.

இரண்டாவது, அதே டேப்பர் ரோலர்தான், ஆனால் இரண்டு கோனும் நடுவில் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்படியோ இடையில் அளந்து செய்த ஸ்பேசருடனோ இருக்கும். நட்டு அந்த மொத்த அடுக்கையும் இறுகப் பிடிக்கிறது. ஆட்டத்தைத் தீர்மானிப்பது ஸ்பேசரின் நீளம், நட்டு அல்ல. இந்த ஸ்பேசரை விட்டுவிட்டு முழு டார்க்கில் (நட்டுக்குச் சொன்ன முழுத் திருகு விசையில்) இறுக்கினால் ரோலர்கள் கப்பில் பதிந்து நசுங்கும். கழற்றும்போதே ஸ்பேசர் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று குறித்து வையுங்கள். கப்பையும் கோனையும் ஒரு செட்டாகவே மாற்றுங்கள், இடது வலது கலக்காமல்.

மூன்றாவது, சீல் போட்ட இரட்டை வரிசை பால் பேரிங். மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் இரண்டு தலைமுறைகளின் பின் ஹப்பில் இருப்பது இதுதான். வெளி வளையம் அப்ரைட்டுக்குள் பிரஸ் போட்டு ஏறி, ஒரு சர்க்கிளிப்பால் (பள்ளத்தில் மாட்டும் ஸ்பிரிங் வளையம்) நிற்கும். உள் வளையம் இரண்டு துண்டு. டிரைவ் ஷாஃப்ட்டின் தோளுக்கும் ஹப்புக்கும் நடுவே அந்த இரண்டு துண்டையும் நட்டு இறுக்கிப் பிடிக்கும்போதுதான் பேரிங் தன் வேலைக்குத் தயாராகிறது. இதிலேயே அடுத்த தலைமுறையாக, ஹப்போடு சேர்ந்தே வரும், போல்ட் போட்டு மாட்டும் யூனிட்டுகளும் உண்டு. அவற்றில் பிரஸ் வேலை கிடையாது, மாட்டும் முகம் சுத்தமாகவும் சமமாகவும் இருந்தால் போதும்.

நான்காவது, இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே கூட்டில் தாங்கும் லைவ் ஆக்சில். பழைய ஃபோர்டு எஸ்கார்ட் ஆக்சிலைப் போட்டுக் கட்டும் வண்டிகளில் இது வரும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் போகும் ஹாஃப் ஷாஃப்ட்டின் மேல் பேரிங்கையும், அதன் பின்னாலேயே ஒரு இரும்புக் காலரையும் அழுத்தி ஏற்றியிருப்பார்கள். நட்டே கிடையாது. சக்கரம் ஷாஃப்ட்டோடு வெளியே வந்துவிடாமல் பிடித்திருப்பது அந்தக் காலரின் இறுக்கம் மட்டுமே. ஒருமுறை கழற்றிய காலரைத் திரும்பப் போடவே கூடாது. சரியான பிரஸ் இல்லாதவர்கள் இந்த ஒரு வேலையை லேத் பட்டறைக்குக் கொடுத்துவிடுவது நல்லது. பணம் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இது இல்லை.

வெல்டு அடித்த அப்ரைட்டை அளக்காமல் நம்பாதீர்கள்

பேரிங் உட்காரும் ஓட்டை வெல்டிங் சூட்டில் கோணும். லேத்தில் அழகாக வட்டமாக வந்த குழாய், அப்ரைட்டின் கைகளை அதில் வெல்டு அடித்து முடிக்கும்போது முட்டை வடிவமாகியிருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது. உள்விட்டத்தை மூன்று திசைகளில், மேலும் கீழும் இரண்டு ஆழங்களில் அளந்து பாருங்கள். நூறில் ஒரு பங்கு மி.மீ. வரை காட்டும் போர் கேஜ் தேவை; வெர்னியரை நம்பி முடிவெடுக்க முடியாது. ஏனென்றால் இங்கே பேசுவதே சில நூறில் பங்கு மி.மீ. இறுக்கத்தைப் பற்றித்தான். அளவுகளுக்குள் வித்தியாசம் தெரிந்தால் போரிங் அடித்துச் சரிசெய்த பிறகே பேரிங்கைத் தொட வேண்டும். முதலிலிருந்து செய்பவராக இருந்தால், ஓட்டையைச் சற்றுச் சிறிதாக விட்டு, வெல்டிங் முழுக்க முடிந்தபின் கடைசியாகக் கடைவது சிறந்த வழி.

ஓட்டை பெரிதாகிவிட்டால் சிலர் பஞ்ச் அடித்துப் புள்ளிபுள்ளியாக மேடு செய்து பேரிங்கை நிறுத்தப் பார்ப்பார்கள். பின்சக்கரத்தில் அது நிற்காது. வளையம் அதன் இருக்கையில் மெல்லச் சுழலத் தொடங்கி, அப்ரைட்டையே தின்றுவிடும்.

இன்னொன்று. பேரிங் மாட்டிய பிறகு சேஸிஸில் எங்காவது வெல்டு அடிக்க நேர்ந்தால், எர்த் கிளாம்பை வெல்டு அடிக்கும் துண்டிலேயே, அதற்கு மிக அருகில் மாட்டுங்கள். கரன்ட் பேரிங் வழியாகப் போனால் குண்டுக்கும் வளையத்துக்கும் நடுவில் பொறி பறந்து பாதையில் குழி விழும். புது பேரிங்கே முனக ஆரம்பிக்கும், காரணமும் பிடிபடாது.

பிரஸ் போடும்போது விசை எந்த வழியாகப் போகிறது?

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். புது பேரிங் சீக்கிரம் கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் காரணம், அது ஓடிய விதம் அல்ல, ஏறிய விதம்.

விதி எளிது: எந்த வளையம் இறுக்கமாக ஏறுகிறதோ, அந்த வளையத்தின் மேல்தான் விசை கொடுக்க வேண்டும். பேரிங்கை அப்ரைட்டுக்குள் இறக்கும்போது வெளி வளையத்தைத் தள்ளுங்கள். பழைய பேரிங்கின் வெளி வளையத்தை வெளிப்புறமாகக் கொஞ்சம் கிரைண்டரில் தேய்த்து வைத்துக்கொண்டால் அதைவிடப் பொருத்தமான தள்ளுகட்டை கிடைக்காது. வேலை முடிந்ததும் எளிதாக வெளியே வந்துவிடும்.

பெரும்பாலோர் தவறுவது அடுத்த கட்டத்தில். பேரிங் உள்ளே போயாயிற்று, இப்போது ஹப்பை அதன் உள் வளையத்துக்குள் ஏற்ற வேண்டும். அப்ரைட்டைப் பிரஸ் மேசையில் வைத்து, மேலிருந்து ஹப்பை அழுத்தத் தோன்றும். அப்படி அழுத்தினால் ஹப் தள்ளுவது உள் வளையத்தை. கீழே தாங்குவது வெளி வளையத்தை. டன் கணக்கான விசை முழுவதும் அந்தச் சின்னக் குண்டுகள் வழியாகத்தான் போய்ச் சேரும். ஒவ்வொரு குண்டும் தன் பாதையில் ஒரு பள்ளம் பதித்துவிடும். கையால் சுழற்றினால் ஒன்றும் தெரியாது. வண்டி ஓட ஆரம்பித்த பிறகு, வேகத்தோடு ஏறி இறங்கும் ஒரு உறுமல் கேட்கும். இதைத் தவிர்க்க, உள் வளையத்தின் அளவுக்குச் சரியான ஒரு குழாயை அடியில் வைத்து, உள் வளையம் அதன் மேல் உட்காரும்படி நிறுத்திவிட்டு ஹப்பை அழுத்துங்கள். அப்ரைட் அந்தரத்தில் தொங்கட்டும், பரவாயில்லை.

பிரஸ் இல்லையென்றால் தடிமனான தகடுகள் இரண்டு, உயர் இழுவலிமை உள்ள எம்16 மரைத்தண்டு ஒன்று, நட்டுகள், நிறைய கிரீஸ். இதை வைத்தே மெதுவாக இழுத்து ஏற்றலாம். இங்கேயும் தகடு எந்த வளையத்தில் முட்டுகிறது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். சுத்தியலால் வளையத்தை நேராக அடிக்க வேண்டாம். கடினப்படுத்திய எஃகு சில்லாகத் தெறிக்கும். பிரஸ் போடும்போதும் கண்ணாடி அணிந்தே நில்லுங்கள்.

சூடும் குளிரும் பெரிய உதவி. கணக்குப் பார்த்தால் புரியும். 64 மி.மீ. விட்டமுள்ள அலுமினிய ஓட்டையை 80 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடாக்கினால் அது ஏறக்குறைய 0.12 மி.மீ. விரியும். இரும்பு அப்ரைட் என்றால் அதில் பாதி, 0.06 மி.மீ. பேரிங்கை இரவு முழுக்க ஃப்ரீஸரில் வைத்திருந்தால், அது தன் பங்குக்கு 0.03 மி.மீ. சுருங்கும். இரண்டையும் சேர்த்தால் பல சமயம் பேரிங் கையாலேயே உள்ளே இறங்கிவிடும். பேரிங்கை மட்டும் நேரடியாகத் தீயில் காட்டக் கூடாது. சீலும் கிரீஸும் போய்விடும். அப்ரைட்டை ஓவனில் வைத்துச் சூடாக்குவதுதான் நல்லது, சூடு எல்லா இடத்திலும் ஒரே சீராக ஏறும்.

பழைய ஹப்பை இழுத்து எடுத்தால் பேரிங்கின் உள் வளையத்தில் ஒரு பாதி ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டு வரும். பயப்பட வேண்டாம், வழக்கமானதுதான். கிரைண்டரால் அந்த வளையத்தில் குறுக்காக ஒரு வெட்டு போடுங்கள், ஹப்பைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திவிடுங்கள். வெட்டில் உளியை வைத்து ஒரு அடி கொடுத்தால் பட்டென்று பிளந்துவிடும்.

டேப்பர் பேரிங்கின் கப்பை ஏற்றும்போது பித்தளைத் தண்டால் சுற்றிச் சுற்றித் தட்டலாம். காது கொடுத்துக் கேளுங்கள். கப் இறங்கிக்கொண்டிருக்கும்வரை சத்தம் மந்தமாக இருக்கும். அடியில் தோளைத் தொட்டதும் ‘டங்’ என்று கெட்டியாக மாறும். அதோடு விடாமல், கப்புக்கும் தோளுக்கும் நடுவில் 0.05 மி.மீ. பீலர் கேஜ் தகடு நுழைகிறதா என்று சுற்றிலும் பாருங்கள். எங்காவது நுழைந்தால் கப் சாய்ந்து நிற்கிறது.

கிரீஸ், சீல்

சீல் போட்ட பேரிங்குக்குக் கிரீஸ் தேவையில்லை. டீசலிலோ பெட்ரோலிலோ கழுவிவிடாதீர்கள், உள்ளிருக்கும் கிரீஸ் கரைந்துவிடும். டேப்பர் ரோலருக்கு வீல் பேரிங் கிரீஸை உள்ளங்கையில் எடுத்து, கோனின் அகலமான பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் ரோலர்களுக்கு நடுவிலிருந்து கிரீஸ் பிதுங்கி வரும்வரை ஏற்ற வேண்டும். ஹப்பின் உட்குழிவில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை போதும். முழுக்க நிரப்பினால் கிரீஸே சூடேற்றும். பழைய கிரீஸ் என்ன வகை என்று தெரியாவிட்டால் முழுவதும் கழுவி உலர்த்திவிட்டுப் புதிதாகப் போடுங்கள். சீலின் உதடு கிரீஸ் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும், உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவியிருக்க வேண்டும்.

ஏபிஎஸ் சென்சாருக்கான காந்த வளையம் பதித்த பேரிங்குகளும் உண்டு. நம் வண்டியில் ஏபிஎஸ் இல்லாவிட்டாலும் ஸ்பீடோமீட்டருக்கு அந்த வளையத்தைப் பயன்படுத்தலாம். காந்தப் பக்கம் சென்சாரை நோக்கி இருக்கட்டும். மேசையில் இரும்புத்தூள் இருக்கும் இடத்தில் வைக்காதீர்கள்.

நட்டை இறுக்குவது: முதல் வகை

ஆட்டத்தை நட்டே நிர்ணயிக்கும் டேப்பர் ரோலருக்கு, ஹப்பைக் கையால் சுழற்றிக்கொண்டே நட்டை 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். சுழற்றுவது முக்கியம். ரோலர்கள் கப்பில் தங்கள் இடத்தைப் பிடிப்பது அப்போதுதான். பிறகு நட்டை முழுவதுமாகத் தளர்த்தி, விரலால் மட்டும் திரும்பத் திருகுங்கள். நட்டு கழலாமல் பூட்டும் ஸ்பிளிட் பின்னுக்கான ஓட்டை, நட்டின் வெட்டுக்கு நேராக வரவில்லை என்றால் நட்டைத் தளர்த்தும் திசையில் அடுத்த வெட்டுக்குக் கொண்டுவாருங்கள். இறுக்கும் திசையில் போகவே கூடாது.

டயல் கேஜ் வைத்து ஹப்பை உள்ளும் வெளியும் இழுத்துப் பார்த்தால் 0.025 முதல் 0.125 மி.மீ. வரை ஆட்டம் இருக்க வேண்டும். பேரிங் சூடாகும்போது இந்த ஆட்டம் குறையும்; அதற்காகத்தான் விடுகிறோம்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. 1.5 மி.மீ. பிட்ச் உள்ள மரையில், ஆறு வெட்டு நட்டை ஒரு வெட்டு திருப்பினால் அது 0.25 மி.மீ. நகர்ந்துவிடும். நாம் விரும்பும் அளவு இரண்டு வெட்டுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளலாம். ஆக்சிலில் குறுக்காக இரண்டு ஓட்டை இருந்தால் பின்னை மற்றதில் போட்டுப் பாருங்கள், நகர்வு பாதியாகும். அப்போதும் சரிவரவில்லை என்றால் வாஷரைத் தட்டையான கண்ணாடி மேல் எமரி தாளில் வைத்துச் சீராகத் தேய்த்து, தடிமனைச் சிறிது குறைத்து மாட்டலாம். பொறுமையான வேலைதான், ஆனால் பலன் தெரியும்.

நட்டை இறுக்குவது: மற்ற வகைகள்

ஸ்பேசர் போட்ட டேப்பர் ரோலரிலும் சீல் போட்ட பால் பேரிங்கிலும் நட்டின் வேலை இறுக்கிப் பிடிப்பது மட்டுமே. ‘பேரிங் நசுங்கிவிடுமோ’ என்று பயந்து குறைத்து இறுக்குவதுதான் இங்கே ஆபத்து. குறைவாக இறுக்கினால் உள் வளையம் ஷாஃப்ட்டின் மேல் நழுவி, ஸ்பிளைன் (ஷாஃப்ட்டும் ஹப்பும் கோத்துக்கொள்ளும் பல்வரிசை) தேய்ந்து, நட்டு தளர்ந்து, கடைசியில் சக்கரமே ஆடும்.

ஆனால் முழு டார்க் கொடுப்பதற்கு முன், வேறு வேறு வண்டிகளின் பாகங்களைச் சேர்ப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியவை மூன்று. டிரைவ் ஷாஃப்ட்டின் தோள் உண்மையிலேயே பேரிங்கின் உள் வளையத்தில் முட்டுகிறதா? தோளில் மார்க்கர் பேனாவால் தீட்டி, மிதமாக இறுக்கிக் கழற்றிப் பாருங்கள்; வளையத்தின் முகத்தில் சுற்றிலும் தடம் பதிந்திருக்க வேண்டும். பாதிதான் பதிந்திருந்தாலோ சீலின் மேல் பதிந்திருந்தாலோ அந்த ஜோடி பொருந்தாது. அடுத்து, நட்டு வாஷரில் முட்டுவதற்கு முன்பே மரை முடியும் இடத்தில் நின்றுவிடுகிறதா? நின்றுவிட்டால் டார்க் ரெஞ்ச் ‘கிளிக்’ என்று சொல்லும், பேரிங் மட்டும் தளர்வாகவே இருக்கும். கடைசியாக, மரை எந்தத் திசை? ஃபோர்டு சியராவின் பின் ஹப்பில் ஒரு பக்க நட்டு இடது மரை. தெரியாமல் எதிர்த்திசையில் பைப் போட்டு இழுத்தால் ஷாஃப்ட் மரை போய்விடும்.

டார்க் அளவை ஹப்பும் ஷாஃப்ட்டும் வந்த வண்டியின் மேனுவலில் பாருங்கள். ஒரு அளவு தெரிந்துகொள்ள வேண்டுமானால், மேலே சொன்ன எம்எக்ஸ்-5 பின் ஹப்புக்கு இது சுமார் 220 முதல் 290 நியூட்டன் மீட்டர். சாதாரண அரை அங்குல டார்க் ரெஞ்ச் பலவும் 200 அல்லது 210 வரைதான் போகும். வாங்கும் முன் பாருங்கள். ரெஞ்சின் பிடியில் பைப்பைச் செருகி நீட்டாதீர்கள். இம்பாக்ட் கன் நட்டைக் கழற்றுவதற்கு, இறுக்குவதற்கு அல்ல.

ஹப் சுற்றாமல் பிடிக்க, பிரேக்கை ஒருவர் மிதித்துக்கொள்ளலாம். கட்டிக்கொண்டிருக்கும் வண்டியில் பிரேக்கில் ஆயிலே ஏறியிருக்காது. அப்போது இரண்டு ஸ்டட்டுக்குக் குறுக்காக ஒரு கனமான இரும்புப் பட்டையை மாட்டி, அதன் நுனியைத் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள். வண்டி ஸ்டாண்டில் உறுதியாக நிற்கட்டும். வெறும் ஜாக்கியின் மேல் வைத்து இவ்வளவு விசை கொடுத்தால் வண்டி சரிந்து ஆளின் மேல் விழும்.

சீல் போட்ட பால் பேரிங்கில், நட்டு முழு டார்க்குக்கு வரும்வரை சக்கரத்தைத் தரையில் இறக்கவே கூடாது. உள் வளையத்தின் இரண்டு துண்டும் சேர்த்துப் பிடிக்கப்படாமல் வண்டியின் எடை இறங்கினால் குண்டுகள் பாதையின் ஓரத்தில் ஏறி உட்காரும். கட்டுமான நாட்களில் டிரைவ் ஷாஃப்ட் இல்லாமலே சேஸிஸை அங்குமிங்கும் தள்ளுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. பேரிங் கெடுவதும் அங்கேதான். டிரைவ் ஷாஃப்ட்டின் நுனியில் வரும் பழைய சிவி ஜாயின்ட் ஒன்றின் ஸ்பிளைன் பகுதியைத் தோளோடு வெட்டியெடுத்து, அதையே ஷாஃப்ட்டுக்குப் பதிலாகப் போட்டு நட்டை இறுக்கிவிட்டால் பிறகு தாராளமாகத் தள்ளலாம்.

நட்டு ஸ்பிளிட் பின் போடுவதாக இருந்தால், இந்த வகைகளில் டார்க் வந்தபின் அடுத்த வெட்டுக்கு இறுக்கும் திசையில் போங்கள். முதல் வகைக்கு நேர் எதிர் இது, குழப்பிக்கொள்ள வேண்டாம். காலர் நட்டு (மடித்துப் பூட்டும் மெல்லிய விளிம்பு உள்ளது) என்றால் ஷாஃப்ட்டின் பள்ளத்துக்கு நேராகக் காலரை மழுங்கிய உளியால் உள்ளே மடித்துவிடுங்கள். கூர் உளி காலரைக் கிழித்துவிடும். காலர் நட்டும் நைலான் நட்டும் ஒருமுறைக்குத்தான்.

சரிபார்ப்பது

சக்கரத்தை மாட்டி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் உடனே பேரிங் மேல் பழி போடாமல், ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் சஸ்பென்ஷன் புஷ் அல்லது ஜாயின்ட். சுழற்றும்போது ஸ்பிரிங்கின் மேல் ஒரு விரலை வைத்திருங்கள். பேரிங்கின் கரகரப்பு காதுக்கு வருவதற்கு முன்பே அங்கே விரலுக்குத் தெரியும்.

முதல் ஓட்டம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போதும். பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டிவிட்டு வந்து இரண்டு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம், இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால், அந்தப் பக்கப் பிரேக் ஒட்டுகிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, பிறகு பேரிங்கைப் பாருங்கள். முதல் வகை டேப்பர் ரோலருக்கு நூறு கிலோமீட்டர் சுமார் ஓடியபின் ஆட்டத்தைத் திரும்ப அளக்க வேண்டும், புதுக் கப்புகள் கொஞ்சம் படிந்திருக்கும்.

வெளிப்புறம் தள்ளி நிற்கும் சக்கரங்களையோ வீல் ஸ்பேசரையோ போட்டிருந்தால் சோதனையை அடிக்கடி செய்யுங்கள். எடை பேரிங்கின் நடுவிலிருந்து விலகி விழுகிறது. பால் பேரிங்கில் சுமை இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகக் குறையும் என்பது பேரிங் கணக்கு.

கடைசியாக, நட்டையும் ஷாஃப்ட்டையும் சேர்த்துப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். சக்கரத்தைக் கழற்றும்போதெல்லாம் அது நேராக இருக்கிறதா என்று பாருங்கள். விலகியிருந்தால் நட்டை மட்டும் திரும்ப இறுக்கிவிட்டு ஓட்டிப்போக வேண்டாம். ஹப்பைக் கழற்றி ஸ்பிளைனையும் உள் வளையத்தின் முகத்தையும் பார்த்து, புது நட்டு போட்டபிறகே வண்டியைத் தரையில் இறக்குங்கள்.